கையை மாற்ற வேண்டாம், சோதித்துப் பாருங்கள்

முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த குழந்தையை மருத்துவமனையில் சேர்த்தால் முதலில் முதுகைப் பார்க்கிறார்கள். அடுத்து தலையின் சுற்றளவை அளக்கிறார்கள். கால்கள் அசைகின்றனவா, சிறுநீர் முழுமையாகப் பிரிகிறதா என்று சோதிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து எங்கிருக்கிறதோ அங்கேதான் கவனம் முதலில் போக வேண்டும் என்பதால் இந்த வரிசையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், அந்தக் குழந்தை வளர்ந்து, பள்ளிக்குப் போய், பதின்வயதை எட்டிய பிறகும் அதே வரிசைதான் தொடர்கிறது. கைகளின் முறை வருவதே இல்லை. ‘இடுப்புக்குக் கீழேதான் சிக்கல், மேலே எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்ற நம்பிக்கை வீட்டிலும் பள்ளியிலும் வேரூன்றியிருக்கிறது. மூளையில் நீர் கோத்துக்கொண்ட பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை தவறு. அவர்கள் எந்தக் கையால் எழுதுகிறார்கள், மற்றொரு கை அதற்கு எவ்வளவு துணைசெய்கிறது என்பது மூளை வளர்ந்த விதத்தைப் பற்றிச் செலவில்லாமல் கிடைக்கும் தகவல். அதை நாம் இரண்டு விதமாக வீணடிக்கிறோம். ஒன்று, கவனிக்காமலே விடுகிறோம். இல்லையென்றால், கவனித்த மறுகணமே ‘சோற்றுக்கையால் எழுது’ என்று அதட்டுகிறோம். செய்ய வேண்டியது வேறு: பிள்ளை தேர்ந்துகொண்ட கையை அப்படியே விட்டுவிட்டு, இரு கைகளின் திறனையும் சோதித்து, அதற்கேற்ற உதவியைக் கொடுப்பது.

‘ஸ்பைனா பிஃபிடா’ என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தப் பிளவு, கரு உருவான முதல் 28 நாட்களுக்குள் ஏற்பட்டுவிடுகிறது. மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழல் அந்த நாட்களில் மூடிக்கொள்ள வேண்டும். கீழ்ப்பகுதியில் ஓரிடம் மூடாமல் விட்டுப்போனால், நரம்புத் திசு முதுகில் பிதுங்கி நிற்கும் ‘மைலோமெனிங்கோசீல்’ என்ற கடுமையான வகை உண்டாகிறது. பாதிப்பு அந்த இடத்தோடு நிற்பதில்லை. சிறுமூளையின் ஒரு பகுதி மண்டையோட்டின் அடித்துளை வழியாகக் கழுத்துப் பக்கம் இறங்கிவிடுகிறது. ‘கியாரி இரண்டாம் வகை’ எனப்படும் இந்தக் கோளாறு, மைலோமெனிங்கோசீல் உள்ள ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளிடமும் காணப்படுகிறது. மூளை நீர் வடியும் பாதை அடைபட்டு, மூளையின் உள்ளறைகள் வீங்குவதுதான் ஹைட்ரோகெபாலஸ். அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், பிறந்த பிறகு முதுகில் அறுவைசிகிச்சை செய்யப்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் ‘ஷன்ட்’ என்ற வடிகுழாய் வைக்கப்பட்டது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அறுவைசிகிச்சை செய்யப்பட்டவர்களில் அது 40 சதவீதமாகக் குறைந்தது. பெயரில் முதுகு இருந்தாலும், இது மூளையையும் சேர்த்துப் பாதிக்கும் நிலை என்பதற்கு இந்த எண்களே போதும்.

கைப்பழக்கமும் கருவறையிலேயே தொடங்குகிறது. உலகெங்கும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி 2020-இல் வெளியான தொகுப்பாய்வு, ஏறத்தாழ 10.6 சதவீதத்தினர் இடக்கைப் பழக்கம் கொண்டவர்கள் என்று கணக்கிட்டது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பீட்டர் ஹெப்பரின் குழுவினர், கருவில் கட்டைவிரல் சப்பிய குழந்தைகளை அல்ட்ராசவுண்டில் பார்த்து, அவர்கள் வளர்ந்த பிறகு மீண்டும் சோதித்தார்கள். வலது கட்டைவிரலைச் சப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்களாக இருந்தார்கள். இடது கட்டைவிரலைச் சப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்கள் ஆகியிருந்தார்கள். பெற்றோரின் கண்டிப்போ பள்ளியின் பழக்கமோ எட்ட முடியாத காலத்திலேயே கையின் சாய்வு தொடங்கிவிடுகிறது என்பதற்கு இது சான்று. அதே நேரத்தில், இரட்டையர் ஆய்வுகளின்படி கைப்பழக்க வேறுபாட்டில் சுமார் கால் பங்கை மட்டுமே மரபணுக்களால் விளக்க முடிகிறது. எஞ்சிய முக்கால் பங்கும் கருவளர்ச்சியின் போக்கிலும் பிறகு நேரும் அனுபவங்களிலும் இருக்கிறது. கருவளர்ச்சியின் நான்காவது வாரத்திலேயே நரம்பு மண்டலம் தடம் மாறிய ஒரு பிள்ளையின் கைப்பழக்கம் பொதுக் கணக்கிலிருந்து விலகினால் அதில் வியப்பில்லை.

விலகத்தான் செய்கிறது. முதுகுத்தண்டுப் பிளவு சிகிச்சையில் 1960-களிலும் 70-களிலும் உலகம் திரும்பிப் பார்த்த நகரம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அங்கே சிகிச்சை பெற்ற பிள்ளைகளை ஆராய்ந்த ஏ.பி. லான்டன் 1976-இல் கைப்பழக்கம் குறித்த தன் முடிவுகளை வெளியிட்டார். மூளையில் நீர் கோத்த பிள்ளைகளிடையே இடக்கைப் பழக்கமும், எந்தக் கை என்று உறுதிப்படாத கலப்புப் பழக்கமும் வழக்கத்தைவிட மிகுந்திருந்தன. ஏன் இப்படி என்பதற்கு அமெரிக்க நரம்பு உளவியலாளர் பால் சாட்ஸ் 1972-இல் முன்வைத்த விளக்கம் எளிய கணக்குதான். ஒரு பேச்சுக்கு 100 குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். இயல்பாக விட்டால் 90 பேர் வலக்கையும் 10 பேர் இடக்கையும் பழகுவார்கள். வலக்கையை இயக்குவது மூளையின் இடப்பாதி. இடக்கையை இயக்குவது வலப்பாதி. கைப்பழக்கத்தையே மாற்றும் அளவுக்கு, ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு இடப்பாதியிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு வலப்பாதியிலும் பாதிப்பு என்று வைத்தால், வலக்கைக்காரர் ஆகியிருக்க வேண்டிய 18 பேர் இடக்கைக்கு வருவார்கள். இடக்கைக்காரர் ஆகியிருக்க வேண்டிய 2 பேர் மட்டுமே வலக்கைக்குப் போவார்கள். முடிவில் இடக்கைக்காரர்கள் 26 பேர். பாதிப்பு இரு பக்கமும் சமமாக விழுந்தாலும், பெரும்பான்மை வலக்கையிடம் இருப்பதால் பெயர்ச்சி பெரும்பாலும் இடக்கை நோக்கியே நடக்கிறது.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் பாடத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். அந்த 26 பேரில் 18 பேர் பாதிப்பால் இடக்கைக்கு வந்தவர்கள். 8 பேர் எந்தப் பாதிப்பும் இல்லாவிட்டாலும் இடக்கைக்காரராகவே இருந்திருப்பார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவி அந்தப் பதினெட்டில் ஒருத்தியா, எட்டில் ஒருத்தியா என்பதை அவள் எழுதும் கையை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, இடக்கையை நோயின் அடையாளமாக அவள்மீது ஒட்டுவது தவறு. ‘எங்கள் வீட்டில் மாமாவுக்கும் இடக்கைதான்’ என்று சொல்லி, மேற்கொண்டு பார்க்காமல் விடுவதும் தவறு. வேறுபாட்டைக் காட்டக்கூடியது மற்றொரு கைதான். இயல்பான இடக்கைக்காரரின் வலக்கை சுறுசுறுப்பாக, கொஞ்சம் மட்டுமே பின்தங்கி இருக்கும். வலக்கை பலவீனப்பட்டதால் இடக்கைக்கு வந்தவரின் வலக்கை வெகுவாகத் தடுமாறும். எந்தக் கை முந்துகிறது என்பதைவிட, பிந்தும் கை எவ்வளவு பிந்துகிறது என்ற கேள்விக்கே மருத்துவ மதிப்பு அதிகம்.

சாட்ஸின் கணக்கு மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தைப் போல் ஹைட்ரோகெபாலஸ் ஒரு பக்கத்தை மட்டும் தாக்குவதில்லை. வீங்கிய அறைகள் இரு பாதிகளையும் அழுத்துகின்றன. ஷன்ட் வைக்கும்போது நேரும் சிதைவைக் காரணம் காட்டவும் முடியாது. மொழித்திறன் பெரும்பாலோருக்கு இடப்பாதியில் இருப்பதால், அறுவைசிகிச்சை நிபுணர்கள் குழாயை வழக்கமாக வலப்பக்கமாகவே செலுத்துகிறார்கள். அதனால் கை பாதிக்கப்படுமானால் இடக்கைதான் பாதிக்கப்பட வேண்டும். இங்கேதான் கலப்புப் பழக்கம் முக்கியமாகிறது. இரு பாதிகளையும் இணைக்கும் ‘கார்பஸ் கலோசம்’ என்ற நரம்புப் பாலம் இவர்களில் பலருக்கு முழுமையாக உருவாவதில்லை. அசைவின் நேரத்தையும் நுணுக்கத்தையும் சீர்படுத்தும் சிறுமூளை அளவில் சிறுத்து, இடம் மாறி இருக்கிறது. ஒரு கை தலைமை ஏற்று மற்றொரு கை துணைபோகும் வேலைப்பிரிவினை உறுதிப்பட இந்த அமைப்புகள் வேண்டும். அது உறுதிப்படாத பிள்ளை அதே வேலையை ஒருமுறை இடக்கையாலும் மறுமுறை வலக்கையாலும் செய்கிறது. மேசையின் இடப்பக்கம் இருப்பதை இடக்கையாலும் வலப்பக்கம் இருப்பதை வலக்கையாலும் எடுக்கிறது. பார்ப்பவர்கள் ‘இரண்டு கையும் பேசுகிறது’ என்று மெச்சுகிறார்கள். இரு கைகளிலும் சமமான தேர்ச்சி இருப்பது ஒன்று. இரு கைகளிலும் தேர்ச்சி கூடாமல் இருப்பது முற்றிலும் வேறு.

இது வெறும் ஆராய்ச்சி ஆர்வம் இல்லை. கால்கள் செய்யாத வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டிய பொறுப்பு இந்தப் பிள்ளைகளின் கைகளுக்கு இருக்கிறது. சக்கர நாற்காலியை நேராகச் செலுத்த இரு கைகளும் ஒரே விசையில், ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். ஊன்றுகோல் பிடித்தவர் கையை விட்டால் விழுவார். சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாதவர்கள், நாளில் பலமுறை தாங்களே மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லேப்பிடெஸ் 1972-இல் அறிமுகப்படுத்தினார். எத்தனையோ பேரின் சிறுநீரகங்களைக் காப்பாற்றிய முறை அது. பதின்வயதுப் பெண் ஒருத்தி தாயின் துணையில்லாமல் பள்ளிக் கழிப்பறையில் இதைத் தானே செய்துகொள்ள முடிந்தால்தான் வகுப்பில் தொடர்ந்து இருப்பாள். அதற்கு ஆடையை விலக்கிப் பிடிக்க ஒரு கையும், குழாயை நுணுக்கமாகச் செலுத்த மற்றொரு கையும் தேவை. எந்தக் கைக்கு எந்த வேலை என்பதை அவளுடைய திறன்தான் தீர்மானிக்க வேண்டும். சோற்றுக்கைக்கு ஒரு மரியாதை, மற்றக் கைக்கு வேறு வேலை என்ற வீட்டு வழக்கம் அல்ல. லேப்பிடெஸின் முறை, சுத்தமாகச் செய்தால் போதும் என்ற அடிப்படையில் அமைந்தது. சோப்பும் தண்ணீரும் கழுவிவிட்ட கையில் தீட்டு எதுவும் மிஞ்சுவதில்லை.

இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. இடக்கைக்காரர்கள் நெடுங்காலம் ஏளனத்துக்கு ஆளானவர்கள். எல்லா இடக்கைப் பழக்கமும் பிறப்பின்போது நேர்ந்த சிதைவின் விளைவே என்று பால் பாக்கன் என்ற ஆய்வாளர் 1970-களின் தொடக்கத்தில் வாதிட்டார். பின்னர் வந்த ஆய்வுகளுக்கு முன் அந்த வாதம் நிற்கவில்லை. கைப்பழக்கத்தை மறுபடியும் மருத்துவக் கோப்புக்குள் கொண்டுபோனால் பழைய பழி திரும்பாதா என்று கேட்கலாம். திரும்பக் கூடாது என்பதற்காகத்தான் வாதத்தின் எல்லையைத் தெளிவாக வைக்க வேண்டியிருக்கிறது. பொதுவாக இடக்கைப் பழக்கம் மனித இனத்தின் இயல்பான வேறுபாடு. அதில் ஆராயவும் திருத்தவும் ஒன்றுமில்லை. மூளை நீர் கோத்த பிள்ளைகள் என்ற குறிப்பிட்ட குழுவில், கைப்பழக்கத்தின் விகிதம் மாறியிருப்பது இரு கைகளையும் சோதிக்கப் போதுமான காரணம் என்பது மட்டுமே இங்கே சொல்லப்படுவது. அந்தச் சோதனையை வலக்கைக்காரப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே செய்ய வேண்டும். எழுதும் கை எதுவானாலும் சிறுமூளைப் பாதிப்பு இருக்கவே செய்கிறது என்பதால், இடக்கைக்காரரை மட்டும் தனியே நிறுத்துவதற்கு மருத்துவக் காரணமும் கிடையாது.

இரண்டாவது மறுப்பு வீடுகளிலிருந்து வருவது. உலகமே வலக்கைக்காரர்களுக்காக அமைந்திருக்கும்போது, ஏற்கெனவே பல தடைகளைச் சுமக்கும் பிள்ளைக்கு இன்னொரு தடை எதற்கு, சிறுவயதிலேயே பழக்கிவிட்டால் நல்லதுதானே என்கிறார்கள். ஷன்ட் வைத்த இடக்கைப் பிள்ளைகள் சில தேர்வுகளில் பின்தங்குவதாகக் கேள்விப்பட்டவர்கள், கையை மாற்றினால் படிப்பும் தேறும் என்றுகூட நினைக்கிறார்கள். ஆனால், பாதிப்பின் கடுமை கையையும் மாற்றுகிறது, மதிப்பெண்ணையும் குறைக்கிறது. இரண்டும் ஒரே காரணத்தின் விளைவுகள். ஒரு விளைவை மறைப்பதால் மற்றொன்று சரியாகிவிடாது. மேலும், பழக்கிய கை வெளியே மாறினாலும் மூளை முழுமையாக மாறுவதில்லை. குழந்தைப் பருவத்தில் வலக்கையால் எழுதக் கட்டாயப்படுத்தப்பட்ட ஜெர்மானிய இடக்கைக்காரர்கள் எழுதும்போது அவர்களின் மூளையைப் படம்பிடித்த ஆய்வு 2002-இல் வெளியானது. பல்லாண்டுகள் வலக்கையால் எழுதிய பிறகும், பிறவி வலக்கைக்காரர்களிடம் காணப்படாத அளவுக்கு மூளையின் வலப்பாதி அவர்களிடம் ஈடுபட்டிருந்தது. முழு ஆரோக்கியமான மூளையே இந்தக் கூடுதல் சுமையை விட்டொழிக்கவில்லை என்றால், பலவீனப்பட்ட வலக்கையை எழுதச் சொல்வது அந்தப் பிள்ளையிடம் இருக்கும் ஒரே நல்ல கையையும் கட்டிப்போடுவதாகும்.

மூன்றாவது மறுப்பு ஆய்வாளர்களுடையது. சான்றுகள் பழையவை, பல ஆய்வுகள் சிறியவை, இன்றைய ஷன்ட்களும் கருவிலேயே செய்யும் அறுவைசிகிச்சையும் வருவதற்கு முந்தையவை. உண்மைதான். விகிதங்கள் இன்று வேறாக இருக்கக்கூடும். ஆனால், மூளையின் அமைப்பு பற்றிய பிற்காலச் சான்றுகள் பழைய முடிவுகளின் திசையை உறுதிசெய்கின்றன. கனடாவின் டொரன்டோவில் மொரீன் டென்னிஸும் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜாக் ஃபிளெட்சரும் பல்லாண்டுகள் சேர்ந்து செய்த ஆய்வுகளில், இவர்களுக்கு அசைவின் வேகம், தாளம், துல்லியம் ஆகியவை குறைந்திருந்தாலும், திரும்பத்திரும்பச் செய்து கற்கும் திறன் பெரிதும் பழுதுபடாமல் இருப்பது தெரியவந்தது. பயிற்சிக்குப் பலன் உண்டு என்பதே இதன் பொருள். சான்று போதாது என்பது இங்கே நாமே அளக்க வேண்டும் என்பதற்கான காரணமும்கூட. ஆனால் அயல்நாட்டுப் படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். ஆர்.சி. ஓல்ட்ஃபீல்டு 1971-இல் வெளியிட்ட எடின்பரோ கைப்பழக்கப் பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் உள்ள பத்து வேலைகளில் கரண்டி பிடிப்பது ஒன்று, நீண்ட துடைப்பத்தின் மேல்முனையில் எந்தக் கை இருக்கிறது என்பது இன்னொன்று. கையால் உண்ணும், குட்டை விளக்குமாற்றை ஒரு கையால் பிடிக்கும் வீட்டில் இவை பொருந்தா. உண்ணும் கையும் எழுதும் கையும் இங்கே பெற்றோரால் பழக்கப்படுபவை. பந்து எறிவது, பல் துலக்குவது, கத்தரிக்கோல் பிடிப்பது, தலை சீவுவது என யாரும் கண்டிக்காத வேலைகளைக் கேட்டால்தான் உண்மை வெளிவரும். கேட்பதோடு நிற்காமல், செய்யச் சொல்லி நேரமும் பார்க்க வேண்டும்.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது: ஷன்ட் அடைப்பு, சிறுநீரகம், படுக்கைப்புண் என்று உயிர்போகும் சிக்கல்கள் வரிசையில் நிற்கும்போது கைக்கு நேரம் ஏது? ஒன்பது துளைகள் உள்ள பலகையில் ஒன்பது முளைகளைச் செருகி எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு கைக்கும் கடிகாரத்தில் நேரம் பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இந்தியாவில் 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், 18 வயது வரை பரிசோதிக்க வேண்டிய நிலைகளின் பட்டியலில் நரம்புக்குழல் குறைபாடு ஏற்கெனவே இருக்கிறது. அதன்கீழ் மாவட்டந்தோறும் இயங்க வேண்டிய தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இந்தப் பலகையை வைக்கத் தனிக் கட்டடம் தேவையில்லை. அதைவிட முக்கியமாக, கையைக் கவனிப்பது அந்த உயிர்போகும் சிக்கல்களிலிருந்து விலகிய வேலையும் அல்ல. ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரே கையை மட்டும் நீட்டினால், மற்றொரு கையில் பலவீனம் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். நன்றாக எழுதிக்கொண்டிருந்த மாணவரின் கையெழுத்து சில வாரங்களில் குலைந்தாலோ, பழகிய கையை விட்டு மற்றக் கைக்குப் போனாலோ, ஷன்ட் அடைபட்டிருக்கலாம். தண்டுவடத்துக்குள் நீர்ப்பை உருவாகியிருக்கலாம். முன்பு கை எப்படி இருந்தது என்ற குறிப்பு கோப்பில் இருந்தால்தான் இந்த மாற்றம் கண்ணில் படும்.

பள்ளித் தேர்விலும் இந்தக் குறிப்புக்கு நேரடியான பயன் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் முதுகுத்தண்டுப் பிளவு தனியாக இல்லை. இவர்கள் பெரும்பாலும் உடல் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பின்கீழ் வருகிறார்கள். தேர்வுகளுக்கான மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்கள், பார்வையற்றோர், பெருமூளை வாதம் உள்ளோர், இரு கைகளும் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் விரும்பினால் சொல்வதை எழுதுபவரைத் தந்தன. மற்றவர்கள் எழுதுவதில் உடல்ரீதியான தடை உள்ளதாக அரசு மருத்துவ அதிகாரியின் சான்று கொண்டுவர வேண்டும் என்றும் அவை கூறின. தகுதி பெற்றவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. கால்கள் மட்டும் குறிக்கப்பட்ட சான்றிதழோடு வரும் மாணவர், கை மெதுவாக இயங்குவதால் விடை தெரிந்தும் தாளை முடிக்க முடியாமல் வெளியே வருகிறார். ‘சோம்பேறி’, ‘கையெழுத்து மோசம்’ என்ற பெயர்தான் மிச்சம். கைகளைச் சோதித்த அறிக்கை ஒன்று கையில் இருந்தால் அதே சட்டத்தின்கீழ் அவருக்கு உரிய நேரம் கிடைக்கும்.

ஆகவே, கோரிக்கைகள் பெரியவை அல்ல. முதுகுத்தண்டுப் பிளவும் மூளை நீர்க்கோப்பும் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியில் சேரும்போதும், பத்தாம் வகுப்புக்கு முன்பும் இரு கைகளையும் அளந்து கோப்பில் எழுத வேண்டும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழு கால்களோடு கைகளையும் மதிப்பிட வேண்டும். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ‘ஆக்குபேஷனல் தெரபி’யை நடைப் பயிற்சிக்குப் பின்னால் தள்ளாமல் அதனுடன் சேர்த்தே தொடங்க வேண்டும். பயிற்சியால் கற்கும் ஆற்றல் இவர்களிடம் இருப்பதால் காலம் தாழ்த்துவதுதான் இழப்பு. கல்லூரிகளில் வலக்கைப் பக்கம் மட்டும் எழுதுபலகை வைத்த நாற்காலிகளுக்கு மாற்று இருக்க வேண்டும். வீட்டில் செய்ய வேண்டியது இவை எல்லாவற்றையும்விட எளிது. எந்தக் கை என்பதைப் பிள்ளையின் மூளை தன்னால் இயன்ற வழியில் முடிவுசெய்திருக்கிறது. அந்த முடிவோடு சண்டையிடுவதில் செலவாகும் நேரத்தை, அந்தக் கை இன்னும் வேகமாக, இன்னும் நேர்த்தியாக இயங்கப் பழக்குவதில் செலவிட்டால், அந்தப் பிள்ளை பிறர் துணையின்றிச் செய்துகொள்ளும் வேலைகளின் எண்ணிக்கை கூடும். மறுவாழ்வுச் சிகிச்சையின் வெற்றியை அந்த எண்ணிக்கையைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.